வேகம் எங்கே தொலைகிறது? சிற்றூர் இணையமும் வி.பி.என். அமைப்புகளும்



பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும் ஓர் எரிச்சலைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அந்த எரிச்சல்தான் பல பேர் ஊரில் இருப்பதா, நகரத்துக்குத் திரும்பிப் போவதா என்பதையே முடிவு செய்கிறது. தேனியிலோ பட்டுக்கோட்டையிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்திருக்கிறது. வேகத்தை அளக்கும் செயலியைத் திறந்தால் 100 எம்.பி.பி.எஸ். காட்டுகிறது. யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் அலுவலக வி.பி.என்.ஐ இணைத்ததுமே கோப்பு திறக்க மறுக்கிறது, கூட்டத்தில் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது. "ஊர்ல நெட் சரியில்லைன்னா பெங்களூருக்கே வந்துடுங்க" என்கிறார் மேலாளர். கேபிள்காரரைக் கூப்பிட்டால் அவர் வந்து அளந்து பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தானே இருக்கு தம்பி" என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான்.

இந்த இடத்தில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வி.பி.என். போட்டால் ஊர் இணையம் படுத்துவிடும் என்பதை நாம் ஒரு விதியைப் போல ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அது யாரோ எடுத்த நான்கைந்து முடிவுகளின் விளைவு. எந்த ஊர் சர்வர் வழியே போவது, எந்த நெறிமுறை, தகவல் பயணிக்கும் சிறு துண்டான பாக்கெட்டின் அளவு என்ன, எதையெல்லாம் உள்ளே அனுப்புவது என்ற முடிவுகள் அவை. பெருநகரத்து இணைப்பை மனத்தில் வைத்து எடுக்கப்பட்ட இந்த முடிவுகள் சிற்றூருக்கு வந்து சேரும்போது வலிக்கின்றன. அவற்றை மாற்ற முடியும். மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

வி.பி.என். என்ன செய்கிறது?

நீங்கள் எழுதிய கடிதத்தை ஓர் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து ஒட்டி, அதன்மேல் அலுவலகத்தின் முகவரியை எழுதி அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் இருப்பவர்களுக்கு வெளியுறை மட்டுமே தெரியும். அலுவலகத்தில் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் உறையை உரிய முகவரிக்கு அனுப்புவார்கள். பதிலும் அதே வழியில்தான் திரும்பும். வி.பி.என். செய்வது இவ்வளவுதான்.

இதற்கு மூன்று விலை கொடுக்கிறோம். ஒன்று, எங்கே போக வேண்டிய தகவலாக இருந்தாலும் முதலில் வி.பி.என். சர்வருக்குப் போயாக வேண்டும். அதனால் பாதை நீள்கிறது. இரண்டு, வெளியுறைக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் நம் தகவலுக்கான இடம் குறைகிறது. மூன்று, வழியில் யாரும் படிக்காதபடி தகவலைப் பூட்டித் திறக்கும் வேலையைக் கணினியோ போனோ ரூட்டரோ செய்ய வேண்டியிருக்கிறது. சென்னையில் நல்ல இணைப்பு வைத்திருப்பவருக்கு இந்த மூன்றும் பெரிதாகத் தெரிவதில்லை. சிற்றூர் இணைப்பில் இவை ஏன் பெரிதாகின்றன என்பதுதான் நம் கேள்வி.

தொலைவின் கணக்கு

கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி வினாடி ஆகும். இந்த இழை வழியே இதைவிட வேகமாக யாராலும் அனுப்ப முடியாது. தென்காசியிலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஒளி போய்வர மட்டும் 6 மில்லி வினாடி. இடையில் உள்ள கருவிகளையும் கேபிளின் வளைவுகளையும் சேர்த்தால் நடைமுறையில் இன்னும் சில மில்லி வினாடிகள் கூடும். இந்தப் போய்வரும் நேரத்தைச் சுற்றுநேரம் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் வி.பி.என். சர்வர் சென்னையில் இருந்தால் கவலையில்லை, மும்பையில் இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் நிறுவனத்தின் கேட்வே, அதாவது வி.பி.என். சர்வர், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் சுற்றுநேரம் 200 மில்லி வினாடியைத் தாண்டிவிடும். அப்போது சென்னையில் இருக்கும் ஒரு சர்வரோடு பேசக்கூட உங்கள் தகவல் அமெரிக்கா போய்த் திரும்ப வேண்டும். இந்தியாவில் பெரிய மேகக்கணினி மையங்கள் இல்லாத காலத்தில் இதற்குக் காரணம் சொல்ல முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களில் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பையில் திறந்தது. அதன் பிறகும் இந்தியப் பணியாளர்களைக் கடல் கடந்து சுற்ற வைப்பது நிர்வாகத்தின் சோம்பல் என்றே சொல்வேன்.

தனியார் வி.பி.என். சேவைகளைப் பயன்படுத்துபவர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு வெளியிட்டது. வி.பி.என். சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்கு ஒதுக்கிய ஐ.பி. முகவரி முதலியவற்றை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது அது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன், புரோட்டான் போன்ற சேவைகள் அந்த ஆண்டிலேயே இந்தியாவில் இருந்த தம் சர்வர்களை எடுத்துவிட்டன. அவற்றில் சிலவற்றின் பட்டியலில் "இந்தியா" என்ற பெயர் இன்னும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது இந்திய ஐ.பி. முகவரி மட்டுமே. இயந்திரம் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும். உத்தரவு சரியா தவறா என்பது வேறு விவாதம். வேகத்தைப் பொறுத்தவரை, பட்டியலில் "இந்தியா" என்று படித்துவிட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. சுற்றுநேரத்தை அளந்து பாருங்கள். அது 40 மில்லி வினாடிக்கு அருகில் இருந்தால் சிங்கப்பூராக இருக்கலாம். 100க்கும் மேல் என்றால் ஐரோப்பா பக்கம் போய்வருகிறது என்று பொருள்.

"நாற்பது மில்லி வினாடிதானே, கண் இமைக்கும் நேரம்கூட இல்லையே" என்று கேட்கலாம். சிற்றூரின் நிலைமை நுழைவது இங்கேதான். நம் ஊர்களில் ஃபைபர் பெரும்பாலும் மின்கம்பங்களில் தொங்குகிறது. மழையில் நனையும் இணைப்புப் பெட்டி, வளைந்து நசுங்கிய வயர், மாலை நேரத்து நெரிசல், இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபை, கோபுரத்தின் எல்லையில் தடுமாறும் 4ஜி சிக்னல் என்று பல காரணங்களால் நூறு பாக்கெட்டில் ஒன்று தொலைகிறது. அதாவது ஒரு சதவீத இழப்பு. டி.சி.பி. என்ற நெறிமுறை, பாக்கெட் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று எண்ணித் தன் வேகத்தைப் பாதி வரைகூடக் குறைத்துக்கொள்ளும். மறுபடி மெல்ல மெல்ல ஏற்றும். ஒவ்வொரு படி ஏறுவதற்கும் ஒரு சுற்றுநேரம் தேவை. சுற்றுநேரம் நீளமானால் மீண்டு எழுவதும் தாமதமாகும்.

மேத்யூ மேத்திஸும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் இதை ஒரு சூத்திரமாக்கினார்கள். அதன்படி கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதவீத இழப்பு, 1,460 பைட்டுத் துண்டுகள், ஒரே ஒரு டி.சி.பி. இணைப்பு. சுற்றுநேரம் 10 மில்லி வினாடி என்றால் சுமார் 14 எம்.பி.பி.எஸ். கிடைக்கும். 40 ஆனால் சுமார் 3.5 எம்.பி.பி.எஸ். 150 ஆனால் 1 எம்.பி.பி.எஸ்.க்கும் கீழே போய்விடும். லைன் மாறவில்லை, இழப்பும் மாறவில்லை. தொலைவு மட்டும்தான் கூடியிருக்கிறது. கூகுள் 2016இல் வெளியிட்ட பி.பி.ஆர். போன்ற புதிய முறைகள் இந்தச் சரிவை வெகுவாகத் தணிக்கின்றன. ஆனால் அவை எல்லா இடத்திலும் இல்லை.

வேகம் அளக்கும் செயலி 100 காட்டியதன் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. அது பக்கத்தில் உள்ள சர்வரோடு, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கிறது. உங்கள் அலுவலகக் கோப்போ தொலைவில் உள்ள சர்வரிலிருந்து ஒற்றை இணைப்பில் வருகிறது. கேபிள்காரரும் நீங்களும் இரண்டு வெவ்வேறு பொருளை அளந்துவிட்டு ஒருவரோடு ஒருவர் வாதாடுகிறீர்கள்.

ஆகவே, சிற்றூரில் இருப்பவர் வி.பி.என். சர்வரைத் தேர்ந்தெடுப்பதில் நகரத்தவரைவிடக் கவனமாக இருக்க வேண்டும். இழப்பில்லாத லைன் தொலைவைத் தாங்கும். இழப்புள்ள லைனுக்கு அருகில் இருக்கும் சர்வர்தான் மருந்து.

பாக்கெட்டின் அளவு

அடுத்தது எம்.டி.யு. ஒரே பாக்கெட்டில் எத்தனை பைட்டு போகலாம் என்ற உச்ச அளவு அது. ஈதர்நெட்டில் வழக்கமான அளவு 1,500. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. முறையில் 8 பைட்டு போய் 1,492 மிஞ்சும். நம் ஊர்களில் பி.எஸ்.என்.எல். ஃபைபரும் பல கேபிள் ஆபரேட்டர்கள் தரும் இணைப்பும் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

இப்போது வெளியுறையைச் சேருங்கள். வயர்கார்டு என்ற வி.பி.என். முறையில் வெளியுறை, இணைய முகவரி முறையின் பழைய பதிப்பான ஐ.பி. 4இல் 60 பைட்டும் புதிய பதிப்பான ஐ.பி. 6இல் 80 பைட்டும் எடுக்கும். இரண்டுக்கும் பொருந்தட்டும் என்று அது இயல்பாக 1,420 என்று வைத்துக்கொள்கிறது. 1,420உடன் 80ஐக் கூட்டினால் 1,500. சாதாரண ஈதர்நெட்டில் சரியாக நுழையும். 1,492 வரைதான் அனுமதிக்கும் நம் ஊர் இணைப்பில் ஐ.பி. 6 வழியே போனால் நுழையாது. 8 பைட்டு அதிகம்.

நுழையாத பாக்கெட் என்ன ஆகும்? "இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு" என்று வழியில் உள்ள ரூட்டர் செய்தி திருப்பி அனுப்ப வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் செய்தியையே தடுத்துவைக்கும் வலையமைப்புகள் ஏராளம். அப்போது பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். சின்னப் பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேரும். இதன் அறிகுறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வி.பி.என். இணைந்துவிட்டது என்று காட்டும், இணைப்பைச் சோதிக்கும் பிங் செய்திக்குப் பதில் வரும், அரட்டைச் செய்தி போகும், ஆனால் பெரிய பக்கம் பாதியில் நிற்கும், கோப்பு ஏற்றினால் அசையாது. இந்த அறிகுறி தெரிந்தால் லைனைக் குறை சொல்வதற்கு முன்னால் எம்.டி.யு.வைப் பாருங்கள். 1,412 என்று குறைத்துப் பார்க்கலாம். மொபைல் இணைப்பில் ஐ.பி. 4 தகவலை ஐ.பி. 6க்குள் மாற்றி அனுப்பும்போது இன்னும் 20 பைட்டு தேவைப்படும். அதனால் அங்கே இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கும். ஐ.பி. 6 தரநிலையின்படி 1,280க்குக் குறைவான அளவு எங்கும் இருக்கக் கூடாது. எதுவுமே புரியாதபோது 1,280 என்று வைத்துப் பார்ப்பது பாதுகாப்பான தொடக்கம். அதனால் கொஞ்சம் திறன் இழப்போம். ஆனால் நின்றுபோன வேலை நடக்கத் தொடங்கும்.

யு.டி.பி.யா, டி.சி.பி.யா?

மூன்றாவது முடிவு நெறிமுறை. வெளியுறையை அனுப்ப யு.டி.பி., டி.சி.பி. என்று இரண்டு வழிகள் உண்டு. யு.டி.பி. அனுப்பிவிட்டு மறந்துவிடும். டி.சி.பி. போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, சேரவில்லை என்றால் மறுபடி அனுப்பும். கேட்பதற்கு டி.சி.பி.தான் பொறுப்பானது போலத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் தகவலும் பெரும்பாலும் டி.சி.பி.தான். வெளியே ஒரு பாக்கெட் தொலைந்தால் வெளி அடுக்கு அதை மறுபடி அனுப்பக் காத்திருக்கும். அதற்குள் உள் அடுக்கு, தன் தகவல் தொலைந்துவிட்டது என்று எண்ணித் தானும் மறுபடி அனுப்பும். ஏற்கெனவே அடைத்துக்கொண்ட பாதையில் ஒரே தகவலின் நகல்கள் சேரும். தொலைந்த ஒன்று வந்து சேரும்வரை பின்னால் வந்த எல்லாமே வரிசையில் நிற்கும். இழப்பே இல்லாத லைனில் இந்தச் சிக்கல் தெரியாது. ஒரு சதவீத இழப்புள்ள லைனில் கூட்டத்தின் குரல் அறுபடுவதற்கு இது போதும்.

ஓப்பன்விபிஎன் இரண்டு வழியிலும் இயங்கும். யு.டி.பி.யைத் தேர்ந்தெடுங்கள். வயர்கார்டு யு.டி.பி.யில் மட்டுமே இயங்கும். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய அந்த மென்பொருள் சுமார் 4,000 வரிகளுக்குள் அடங்கியது. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கர்னலிலேயே அது இடம்பெற்றது. அலுவலகங்களில் பரவலாக உள்ள சிஸ்கோவின் எனிகனெக்ட், பாலோ ஆல்டோவின் குளோபல்புரொடெக்ட் ஆகியவையும் முதலில் யு.டி.பி. வழியைத்தான் நாடும். அது கிடைக்காவிட்டால் டி.சி.பி.க்கு இறங்கிவிடும். நீங்கள் அறியாமலே அது நடந்துவிடும், அதில்தான் சிக்கல். இணைப்பு விவரத்தைத் திறந்து எந்த வழியில் ஓடுகிறது என்று பாருங்கள். டி.சி.பி. வழியில் ஓடினால், யு.டி.பி.யைத் தடுப்பது உங்கள் ரூட்டரா, ஆபரேட்டரா, அலுவலகத்தின் தீச்சுவரா என்று கேளுங்கள்.

இதோடு ஒரு சின்ன அமைப்பையும் சொல்ல வேண்டும். மொபைல் இணைப்புகளிலும் பல கேபிள் இணைப்புகளிலும் ஒரு பொது ஐ.பி. முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. யாருக்கு எந்த வழி என்ற குறிப்பை ஆபரேட்டரின் கருவி வைத்திருக்கும். கொஞ்ச நேரம் அசைவில்லாமல் இருந்தால் அந்தக் குறிப்பை அழித்துவிடும். வி.பி.என். மேலே இணைந்தது போலவே காட்டிக்கொண்டிருக்கும், உள்ளே எதுவும் வராது. வயர்கார்டில் 25 வினாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் பாதை திறந்தே இருக்கும். அடிக்கடி கம்பி இணைப்பிலிருந்து மொபைலுக்கு மாற வேண்டிய ஊர்களில், வலையமைப்பு மாறினாலும் அறுபடாத முறைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வயர்கார்டுக்கு அந்தத் திறன் உண்டு. ஐ.கே.இ. என்ற முறையின் இரண்டாம் பதிப்பிலும் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது.

எல்லாமே உள்ளே போக வேண்டுமா?

என் கணிப்பில், சிற்றூர்ப் பணியாளரை மிக அதிகமாக வதைக்கும் அமைப்பு இதுதான். வி.பி.என். இணைந்ததும் கணினியிலிருந்து போகும் எல்லாமே அதற்குள் போவது ஃபுல் டனல். அலுவலகத் தகவல் மட்டும் உள்ளே போக, மற்றவை நேராக இணையத்துக்குப் போவது ஸ்பிளிட் டனல்.

கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் தகவலின் நகல்களை இணையச் சேவையாளர்களின் வலையமைப்புக்குள்ளேயே சேமித்து வைக்கின்றன. நீங்கள் பார்க்கும் வீடியோ பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதில்லை. உங்கள் ஆபரேட்டருக்கு மேலே உள்ள சேவையாளரின் மையத்திலிருந்து வருகிறது. சிற்றூர் இணையம் இன்று ஓரளவு வேகமாகத் தெரிவதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். ஃபுல் டனல் போட்டதும் இதை முழுவதும் இழக்கிறோம். பக்கத்தில் இருக்கும் நகலை விட்டுவிட்டு, அலுவலகத்தின் கேட்வே வழியே சுற்றி வருகிறோம். பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். கேள்வியும் அலுவலகம் வழியே போவதால், அலுவலகம் இருக்கும் ஊருக்கு அருகில் உள்ள நகலைத்தான் பதிலாகத் தரும்.

2020 மார்ச்சில் உலகமே வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியபோது பல நிறுவனங்களின் கேட்வேக்கள் இதனால்தான் திணறின. அப்போது மைக்ரோசாஃப்ட், தன் அலுவலகச் சேவைகளுக்கும் டீம்ஸ் கூட்டங்களுக்கும் போகும் தகவலை வி.பி.என்.னுக்கு வெளியே விடும்படி நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது. கூட்டத்தின் குரலும் படமும் ஏற்கெனவே பூட்டப்பட்டுத்தான் போகின்றன. அவற்றை இன்னொருமுறை பூட்டிச் சுற்றுவழியில் அனுப்புவதில் பாதுகாப்பும் பெரிதாகக் கூடுவதில்லை, குரல்தான் கெடுகிறது.

பாதுகாப்புக் காரணத்துக்காக ஃபுல் டனல் வேண்டும் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. வங்கித் தகவலையோ நோயாளிகளின் விவரத்தையோ கையாளும் இடத்தில் அந்தக் கவலை நியாயமானது. அங்கேயும் கூட்டங்களை மட்டும் வெளியே விடலாம். கேட்வேயைச் சென்னைக்கோ மும்பைக்கோ கொண்டுவரலாம். ஊழியர் தாமாக அமைப்பை உடைத்து ஸ்பிளிட் டனல் போடக் கூடாது. அது நிறுவனம் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை எடுக்க வைக்கும் கேள்வியை எழுப்புவது ஊழியரின் வேலை.

பூட்டித் திறக்கும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடந்த சில ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளுக்கு அது பெரிய சுமை இல்லை. ஆனால் வி.பி.என்.ஐ வீட்டு ரூட்டரிலேயே அமைத்தால், அந்தச் சிறிய சிப்பால் தாங்க முடியாது. ஓப்பன்விபிஎன் போன்ற கனமான முறையில் 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு 10க்கும் 20க்கும் இறங்குவது வழக்கம். கூடியவரை மடிக்கணினியிலேயே வி.பி.என்.ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பால் மட்டும் தீராத இடம்

எல்லாவற்றையும் அமைப்பால் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளைப் பாருங்கள். கம்பியோ ஃபைபரோ போக முடியாத பண்ணை வீடுகளுக்காக அந்நாட்டு என்.பி.என். நிறுவனம் 2015இலும் 2016இலும் ஸ்கை மஸ்டர் என்ற இரண்டு செயற்கைக்கோள்களை ஏவியது. அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கேள்வி மேலே போய்க் கீழே வர வேண்டும், பதிலும் மேலே போய்க் கீழே வர வேண்டும். மொத்தம் 1,44,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை வினாடி. நடைமுறையில் 600 மில்லி வினாடி.

இந்தத் தாமதத்தை மறைக்கச் செயற்கைக்கோள் வலையமைப்புகள் ஓர் உத்தியைக் கையாள்கின்றன. இடையில் உள்ள கருவியே "கிடைத்துவிட்டது" என்ற பதிலை முன்கூட்டித் தந்து, டி.சி.பி. தயங்காமல் ஓடச் செய்யும். அதற்கு அந்தக் கருவி டி.சி.பி. தலைப்பைப் படிக்க வேண்டும். வி.பி.என். அந்தத் தலைப்பையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. உத்தி செயலிழந்து, அரை வினாடிக்கும் மேலான தாமதம் முழுவதும் பயனாளியின் தலையில் விழுகிறது. ஸ்கை மஸ்டர் பிளஸ் திட்டத்தில் பெரும்பாலான பயன்பாடு அளவுக்கணக்கில் சேராது என்று வைத்தபோதும், வீடியோவையும் வி.பி.என். தகவலையும் கணக்கில் சேர்த்தார்கள். பூட்டிய உறைக்குள் இருப்பது வீடியோவா மின்னஞ்சலா என்று வலையமைப்புக்குத் தெரியாதே! அதே நாட்டின் நகரவாசிக்கு வி.பி.என். செலவு தெரியாத ஒரு வசதி. அந்தத் திட்டத்தில் இருந்த உட்பகுதிப் பண்ணைக்காரருக்கு அது வேகத்திலும் அளவிலும் இரட்டைச் செலவாக இருந்தது. அத்தகைய இடத்தில் அமைப்பை மாற்றுவதைவிட, உள்கட்டமைப்பை மாற்றுவதே தீர்வு.

நம் நிலை அவ்வளவு மோசமில்லை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்லும் பணி பாரத்நெட் திட்டத்தின்கீழ் நடந்து வருகிறது. மத்தளம்பாறை போன்ற ஒரு சிற்றூரில் 2011 முதல் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இயங்குவதைத் தென்காசிக்காரர்கள் நேரில் பார்க்கிறார்கள். ஊரில் இருந்து உலகத்துக்கு வேலை செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

முதலில் அளக்கப் பழகுங்கள். வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து கேபிள் போட்டு மடிக்கணினியை இணையுங்கள். வி.பி.என். இல்லாமல் சென்னையில் உள்ள ஒரு சர்வருக்கு நூறு பிங் அனுப்பி, சுற்றுநேரத்தையும் இழப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை செய்யுங்கள். வி.பி.என். இல்லாமலே இழப்பு இருந்தால் கேபிள்காரரிடம் பேசுங்கள். இழப்பு இல்லை, வி.பி.என். போட்டால்தான் கெடுகிறது என்றால் ஐ.டி. டெஸ்க்குக்கு டிக்கெட் போடுங்கள். எம்.டி.யு.வை அறிய, துண்டாக்காதே என்ற விருப்பத்தோடு 1,464 பைட்டு பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்பின் 28 பைட்டு சேர்ந்து அது 1,492 ஆகும். பிறகு சர்வர் இடம், நெறிமுறை, எம்.டி.யு. என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

"நெட் ஸ்லோ" என்று எழுதும் டிக்கெட்டை யாரும் மதிப்பதில்லை. "வி.பி.என். இல்லாமல் 15 மில்லி வினாடி, இழப்பு இல்லை; வி.பி.என். வழியே 230, இணைப்பு டி.சி.பி.யில் ஓடுகிறது" என்று எழுதிப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

இரண்டாவது, வேகம் வேண்டும் என்று இலவச வி.பி.என். செயலிகளைத் தேடிப் போகாதீர்கள். ஆண்ட்ராய்டுக்கான 283 வி.பி.என். செயலிகளை ஆராய்ந்து 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட கட்டுரை, அவற்றில் 18 சதவீதம் தகவலைப் பூட்டவே இல்லை என்றும், 38 சதவீதத்தில் தீநிரலின் அடையாளம் இருந்தது என்றும் காட்டியது. ஊரில் இருக்கும் மாணவரின் வங்கிச் செயலியும் அதே போனில்தான் இருக்கிறது. வேகத்துக்காக வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, நிறுவனங்களில் வலையமைப்பை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வி.பி.என். அமைப்பை அலுவலகத்தின் லைனில் மட்டும் சோதித்து வெளியிடாதீர்கள். ஒரு சதவீத இழப்புள்ள லைனில், 1,492 எம்.டி.யு.வில், பகிர்ந்த ஐ.பி. முகவரியில் சோதியுங்கள். தென்மாவட்டத்தில் இருக்கும் ஓர் ஊழியரை அந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, அரசுக்கு. 2023 ஜனவரியில் அகலப்பட்டை இணைப்பின் குறைந்தபட்சப் பதிவிறக்க வேகம் 512 கே.பி.பி.எஸ்.லிருந்து 2 எம்.பி.பி.எஸ். ஆக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த வரையறை பேசுவது பதிவிறக்கத்தை மட்டுமே. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு ஏற்றுவேகம், சுற்றுநேரம், இழப்பு மூன்றும் அதே அளவு முக்கியம். ஊர்வாரியாக இந்த மூன்றையும் அளந்து வெளியிட்டால்தான் எங்கே ஃபைபர் பழுதாகிக் கிடக்கிறது, எங்கே அமைப்பு பழுதாகிக் கிடக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ஊரில் இருக்க விரும்பும் ஒருவரை, பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு மகளை, 8 பைட்டு அதிகமான ஒரு பாக்கெட் நகரத்துக்குத் துரத்தக் கூடாது. இன்று வீட்டுக்குப் போனதும் அளந்து பாருங்கள். அளந்ததை எழுதி அனுப்புங்கள். சரியாகும்வரை விடாமல் கேளுங்கள்.